ஒப்பந்தம் முடியும் தேதி

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை இரவு. ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகரான டாலஹாசியில், டோக் கேம்பெல் ஸ்டேடியத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஃபுட்பால் ஆடின. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஃபுளோரிடா ஸ்டேட் 14–9 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி அது. பருவம் முடியும்போது மொத்த வெற்றியே இரண்டுதான்.

ஆட்டத்தில் நினைவில் வைக்க அதிகம் இல்லை. யார் யாரோடு, எந்தப் பெயரின் கீழ் ஆடினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெர்க்லி பசிஃபிக் பக்கம், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைப் பார்த்தபடி மலைச்சரிவில் இருக்கிறது. சங்க இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற ஜார்ஜ் ஹார்ட் கற்பித்த இடம் என்பதால் நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர். அன்று அது ஆடியது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், அதாவது ‘அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு’ என்ற பெயரின் கீழ். அந்தக் கூட்டமைப்புக்குள் பெர்க்லி ஆடிய முதல் ஆட்டம் அதுதான். டாலஹாசி வரை சுமார் 3,500 கிலோமீட்டர் பறந்து வந்திருந்தார்கள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நேர்கோடு இழுத்தாலும் அந்தத் தூரம் வராது.

விருந்துக்கு அழைத்த வீட்டின் நிலை இன்னும் விசித்திரம். பெர்க்லியைச் சேர்க்கலாமா என்று 2023 செப்டம்பரில் பதினைந்து உறுப்பினர்கள் வாக்களித்தபோது எதிர்த்து நின்றவை மூன்று பல்கலைக்கழகங்கள். க்ளெம்சன், நார்த் கரோலினா, மூன்றாவது இதே ஃபுளோரிடா ஸ்டேட். வந்தவர்களை அது வரவேற்ற நாளில், அந்த வீட்டைவிட்டே தான் வெளியேறுவதற்காக வழக்கும் நடத்திக்கொண்டிருந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பின்தொடர்பவர்கள் இப்போது ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஃபுளோரிடா ஸ்டேட் அடுத்து எங்கே போகும்? க்ளெம்சன்? நார்த் கரோலினா? விடை தேடுபவர்கள் மைதானத்தின் கொள்ளளவையும், கோப்பைகளையும், பழைய பகைகளையும் எடைபோடுகிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளின் இடமாற்றங்களை வரிசையாகப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. ஒரு பல்கலைக்கழகம் எங்கே போகும், எப்போது போகும் என்பதைத் தொலைக்காட்சி ஒப்பந்தம் முடியும் தேதியே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூட்டமைப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே தேசிய அமைப்பான என்சிஏஏ இருந்தாலும், யார் யாருடன் ஆடுவது என்ற அட்டவணையைப் போடுவது, பட்டம் வழங்குவது, ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்கு விற்பது, வந்த பணத்தைப் பங்கிடுவது எல்லாம் இந்தக் கூட்டமைப்புகள்தாம். தொடக்கத்தில் இவை அக்கம்பக்கத்தாரின் ஏற்பாடு. 1896இல் சிகாகோவில் ஏழு பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்ததுதான் இன்றைய பிக் டென். 1915இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் நான்கு பல்கலைக்கழகங்கள் பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின. அட்லாண்டிக் கோஸ்ட் 1953இல் வந்தது. பெயரிலேயே ஊர் இருந்தது. மாணவர்கள் ரயிலேறிப் போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம் என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கை உடைத்தது ஒரு தீர்ப்பு. தொலைக்காட்சி வந்த புதிதில், வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம் கல்லூரிகளுக்கு இருந்தது. 1951 முதல் ஃபுட்பால் ஒளிபரப்பு முழுவதையும் என்சிஏஏ தன் கையில் வைத்துக்கொண்டது. எத்தனை ஆட்டம் ஒளிபரப்பலாம், ஒரு பல்கலைக்கழகம் எத்தனை முறை திரையில் வரலாம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதன் முடிவு. இந்த ஏற்பாடு எவ்வளவு சமத்துவமானது, பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு எரிச்சலூட்டியது என்பதற்கு நீதிமன்றப் பதிவிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 1981இல் ஒரு வார இறுதியில் ஓக்லஹோமாவும் சதர்ன் கலிஃபோர்னியாவும் மோதிய ஆட்டத்தை இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அதே வார இறுதியில் சிட்டடல் என்ற ராணுவக் கல்லூரியும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் ஆடிய ஆட்டத்தைக் காட்டியவை நான்கே நிலையங்கள். நான்கு அணிகளுக்கும் ஒரே தொகை வழங்கப்பட்டது.

ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் வழக்குத் தொடர்ந்தன. 1984 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில், என்சிஏஏயின் ஏற்பாடு வணிகப் போட்டியை நசுக்கும் சட்டவிரோதக் கட்டுப்பாடு என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் வைட். நீதிபதி ஆவதற்கு முன், 1930களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடி நாடறிந்த ஃபுட்பால் வீரராக இருந்தவர் அவர். கல்லூரி விளையாட்டைச் சாதாரணச் சந்தைச் சரக்காக அளக்கக் கூடாது, அதற்குப் பொருளாதாரத்துக்கு அப்பாற்பட்ட நோக்கங்கள் உண்டு என்பது அவர் வாதம். தோற்ற வாதம்தான். ஆனால் மைதானத்தில் ஓடி வியர்த்த ஒருவர் அந்த அமர்வில் இருந்தார், அவர் எதிர்த்து எழுதினார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஆட்டத்தை விற்கும் உரிமை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. முதல் சில ஆண்டுகள் விலை சரிந்தது. சந்தையில் சரக்கு பெருகிவிட்டதே. பின் ஒவ்வொருவராகக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். நோட்டர் டேம் 1990இல் தனியே பிரிந்துபோய், தன் உள்ளூர் ஆட்டங்களை என்பிசி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுக்கு 3.8 கோடி டாலருக்கு விற்றது. தனியே விற்க வலுவில்லாதவர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து விற்றார்கள். கூட்டமைப்பின் மதிப்பு அதற்குள் எத்தனை தொலைக்காட்சி வீடுகள் அடங்குகின்றன என்பதாக மாறியது. சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் இதில் முதலில் செத்தது. ஆர்கன்சா வெளியேறியபின் மிஞ்சிய எட்டு உறுப்பினர்களும் டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஒரே மாநிலத்தை எட்டு முறை விற்க முடியாது. நால்வர் போய்ப் பிக் எய்ட்டுடன் சேர்ந்து பிக் ட்வெல்வ் ஆனார்கள். மற்ற நால்வர் தெருவில் நின்றார்கள். 1914இல் பிறந்த கூட்டமைப்பு 1996இல் முடிந்தது.

அதன்பின் ஓட்டம் நிற்கவில்லை. நெப்ராஸ்கா, கொலராடோ, டெக்சஸ் ஏ அண்டு எம், மிசூரி எல்லாம் 2011, 2012 ஆண்டுகளில் பிக் ட்வெல்வைவிட்டுப் போயின. மேரிலாண்ட் அட்லாண்டிக் கோஸ்டின் நிறுவன உறுப்பினர். அது 2012 நவம்பரில் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. வெளியேறும் கட்டணமாக ஐந்து கோடி டாலருக்கு மேல் கேட்ட கூட்டமைப்பு, வழக்குக்குப் பின் 3.14 கோடியோடு சமாதானமாகிப் போனது. அந்த வழக்கு முடிவதற்கு முன்பே, கட்டணம் என்ற வேலி போதாது என்று மிச்சமிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. 2013இல் அவர்கள் வேறொரு பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

உரிமை ஒப்படைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். நம் ஊர்க் குத்தகையை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் உள்ளூர் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை இத்தனை ஆண்டுக்கு என்று கூட்டமைப்பிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நடுவில் வெளியேறினால் ஆள் போகலாம், நிலம் வராது. புதிய கூட்டமைப்பில் அவர் தன் மைதானத்தில் ஆடும் ஆட்டத்தின் பணமும் பழைய கூட்டமைப்புக்கே சேரும். ஆட்டத்தை விற்க முடியாத பல்கலைக்கழகத்தை எந்தக் கூட்டமைப்பு சேர்த்துக்கொள்ளும்? 1984இல் உச்ச நீதிமன்றம் தனித்தனியாகக் கொடுத்த உரிமையைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே மீண்டும் மூட்டை கட்டி ஒப்படைத்த கதை இது.

இந்தப் பத்திரம் காலாவதியாகும் தேதியில்தான் இடமாற்றங்கள் நடக்கின்றன. பிக் ட்வெல்வின் பத்திரம் 2025 ஜூன் வரை. டெக்சஸும் ஓக்லஹோமாவும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸுக்குப் போகும் முடிவை 2021 ஜூலையிலேயே அறிவித்துவிட்டன, ஆனால் போனது 2024இல். அந்த ஓராண்டை முன்கூட்டி வாங்கவே இரண்டும் ஆளுக்கு ஐந்து கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி மேற்குக் கரையின் கதை. இதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1915இல் போர்ட்லேண்டில் தொடங்கிய நால்வர் கூட்டணிதான் பெயர் மாறி, ஆள் பெருகிக் கடைசியில் பேக்-12 ஆனது. அது 2011இல் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தம் பன்னிரண்டு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர். அன்றைக்குப் பெரிய தொகை. கூடவே யாருக்கும் பங்கில்லாமல் தன் சொந்தச் செலவில் ஒரு தொலைக்காட்சியும் தொடங்கியது. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு நிறுவனம் அதைக் கடைசிவரை தன் சந்தாதாரர்களுக்குக் காட்டவில்லை. மற்ற கூட்டமைப்புகள் நடுவில் புதிய விலைக்கு விற்றுக்கொண்டே முன்னேற, பேக்-12 தன் பழைய ஒப்பந்தம் 2024 கோடையில் முடிவதற்காகக் காத்திருந்தது. உரிமை ஒப்படைப்பும் அதே நாளோடு முடிந்தது.

அந்தத் தேதியை முதலில் படித்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். 2022 ஜூன் 30 அன்று சதர்ன் கலிஃபோர்னியாவும் யுசிஎல்ஏயும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஒப்பந்தம் முடிந்த கையோடு போவதால் வெளியேறும் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றுடனும் பிக் டென் போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலரைத் தாண்டியது.

மிச்சமிருந்த பத்துப் பேர் அப்போதே கிடைத்த விலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர்கள் தங்கள் மதிப்பைத் தாங்களே கூட்டிப் போட்டுக் காத்திருந்தார்கள். இந்த இடைவெளியில் பிக் ட்வெல்வின் தலைவர் பிரெட் யார்மார்க் முந்திக்கொண்டார். தன் ஒப்பந்தம் முடிய இரண்டரை ஆண்டுக்கு மேல் இருந்தும், 2022 அக்டோபரிலேயே இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டையும் மடக்கி, பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3.17 கோடி டாலர் கிடைக்கும்படி நீட்டித்துக்கொண்டார். பேக்-12 சந்தைக்கு வந்து சேர்ந்தபோது வாங்குபவர்களின் பையும் அட்டவணையும் நிரம்பியிருந்தன. கடைசியில் வந்தது ஆப்பிள் நிறுவனம் ஒன்றுதான். உறுதியான தொகை குறைவு. சந்தாதாரர் பெருகினால் பங்கு கூடும் என்ற ஏற்பாடு.

2023 ஜூலை 27 அன்று கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை காலையில் ஆப்பிள் ஒப்பந்தத்தை ஏற்பதற்காகக் கூட்டம் கூட இருந்தார்கள். அதற்குள் ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென் பக்கம் போய்விட்டன. மாலைக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் ட்வெல்வுக்கு. நூற்றெட்டு ஆண்டு பழமையான அமைப்பு ஒரே பகலில் சரிந்தது. நான்கு வாரம் கழித்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையில் ஒதுங்கின. பல ஆண்டுகள் குறைந்த பங்கே போதும் என்று சம்மதித்துத்தான் உள்ளே போனார்கள். அவர்களோடு சேர்ந்த டெக்சஸின் எஸ்எம்யூ, ஒன்பது ஆண்டுக்கு அந்தத் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது.

எஞ்சியவை இரண்டு: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள், இரண்டும் சிறு நகரங்களில் இருப்பவை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு அவர்கள் 1900 முதல் ஆடிவருகிறார்கள். ஆட்டத்தின் பெயர் ஆப்பிள் கப். ஆப்பிள் விளையும் மாநிலம் அது. 2023 நவம்பர் 25 அன்று, ஒரே கூட்டமைப்பின் உறுப்பினர்களாக அவர்கள் ஆடிய கடைசி ஆப்பிள் கப்பில் வாஷிங்டன் கடைசி நொடி உதையில் 24–21 என்று வென்றது. அதே வாஷிங்டன் அந்தப் பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. சந்தை மதிப்பு என்பது ஊரின் அளவுதான் என்று முடிவு செய்தவர்கள், அந்த உதை விழும்வரை ஆட்டம் சமநிலையில் இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இரண்டும் சியாட்டிலில் மீண்டும் சந்தித்தன. இப்போது ஒன்று பிக் டென் உறுப்பினர், மற்றொன்று கைவிடப்பட்ட இருவரில் ஒன்று. இறுதிக் கோட்டின் வாசலில், எதிராளியின் கடைசி முயற்சியைத் தடுத்து நிறுத்தி, 24–19 என்று புல்மன் அணி வென்றது.

நீதிமன்றத்திலும் அந்த இருவருக்கு நியாயம் கிடைத்தது. வெளியேறுவதாக அறிவித்தவர்கள் கூட்டமைப்பின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முடியாது என்று 2023 நவம்பரில் உள்ளூர் நீதிபதி கேரி லிபி இடைக்கால உத்தரவு போட்டார். வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பெயரும் இருப்பும் இருவர் கைக்கு வந்தன. 2024, 2025 இரண்டு பருவங்களும் இரண்டே உறுப்பினர்களோடு பேக்-12 என்ற பெயர் உயிரோடிருந்தது. பிறகு போய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், ஃபுட்பால் ஆடாத கொன்சாகா ஆகியவற்றைச் சேர்த்து 2026 ஜூலை முதல் புதிதாகத் தொடங்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1915இல் போர்ட்லேண்டில் ஒரே மேசையில் உட்கார்ந்த நால்வரில் ஒருவர் இன்று அட்லாண்டிக் கோஸ்டில், இருவர் பிக் டென்னில், ஒருவர் பழைய வீட்டில்.

இதில் இன்னொரு வேதனை. யுசிஎல்ஏயும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள். ஒரே ஆட்சிக்குழுவின் கீழ் இருப்பவை. அண்ணன் போனதால் தம்பிக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடாக, யுசிஎல்ஏ மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டாலரைப் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆட்சிக்குழு 2024இல் முடிவு செய்தது. குடும்பத்துக்குள்ளேயே நட்ட ஈடு பேச வேண்டிய நிலை.

இப்போது ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருவோம். பேக்-12 உடைந்ததற்கும் அட்லாண்டிக் கோஸ்ட் இன்னும் உடையாமல் இருப்பதற்கும் முதன்மைக் காரணம் ஒன்றே. அட்லாண்டிக் கோஸ்டின் உரிமை ஒப்படைப்பு 2036 வரை. 2016இல் தனித் தொலைக்காட்சி வேண்டும் என்பதற்காக அந்த நீண்ட காலத்துக்கு எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட்டார்கள். அன்று அது பாதுகாப்பாகத் தெரிந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் பிக் டென்னும் சவுத்ஈஸ்டர்னும் போட்ட ஒப்பந்தங்களைப் பார்த்தபின் அதுவே விலங்காகத் தெரிந்தது. இஎஸ்பிஎன்னுடன் போட்ட ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கலாமே தவிரப் படியெடுத்து வர முடியாது என்ற நிலை வேறு.

2023 டிசம்பர் தொடக்கம் வரை ஃபுளோரிடா ஸ்டேட் ஒரு ஆட்டமும் தோற்காமல் 13–0 என்று நின்றது. அப்படி நின்றும் டிசம்பர் 3 அன்று தேசியப் பட்டத்துக்கான நான்கு அணிகளில் அதைத் தேர்வுக்குழு சேர்க்கவில்லை. முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். சற்றுப் பலவீனமான கூட்டமைப்பில் இருந்தால் தோற்காமல் இருப்பதுகூடப் போதாது என்று டாலஹாசியில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 22 அன்று ஆட்சிக்குழு ஒருமனதாக முடிவெடுத்து வழக்குத் தொடுத்தது. அதற்கு ஒரு நாள் முன்பே கூட்டமைப்பு முந்திக்கொண்டு வட கரோலினாவில் வழக்குப் போட்டிருந்தது. கட்டணமும் இழக்கும் ஒளிபரப்பு உரிமையும் சேர்த்து, வெளியேற ஆகும் செலவு 57.2 கோடி டாலர் என்று ஃபுளோரிடா ஸ்டேட் கணக்குக் காட்டியது. 2024 மார்ச்சில் க்ளெம்சனும் தன் பங்குக்கு வழக்குத் தொடுத்தது.

வழக்குகள் தீர்ப்பு வரை போகவில்லை. 2025 ஜனவரியில் இஎஸ்பிஎன் தன் ஒப்பந்தத்தை 2036 வரை நீட்டிக்கும் தேர்வுரிமையைப் பயன்படுத்தியது. மார்ச் 4 அன்று சமாதானம். இனித் தொலைக்காட்சிப் பணத்தில் 40 விழுக்காடு சமமாகப் பங்கிடப்படும். 60 விழுக்காடு எந்த அணியின் ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் போகும். வெளியேறும் கட்டணம் 16.5 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்துகொண்டே வந்து, 2030-31இல் 7.5 கோடியில் நிற்கும். முக்கியமான மாற்றம் இதுதான்: கட்டணத்தைக் கட்டிவிட்டால் ஒளிபரப்பு உரிமையை எடுத்துக்கொண்டு போகலாம். குத்தகைக்கு விட்ட நிலத்தை மீட்க விலை குறித்தாகிவிட்டது.

சிட்டடலும் ஓக்லஹோமாவும் ஒரே தொகை வாங்கிய காலத்திலிருந்து, பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்ற இந்த நிலைக்கு வர 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, எங்கே போகும்? டாலஹாசி ரசிகர்கள் அதிகம் விரும்புவது சவுத்ஈஸ்டர்ன். பக்கத்து ஊர்கள், பழைய எதிரிகள், ஃபுட்பால் வெறி கொண்ட மண். ஆனால் சவுத்ஈஸ்டர்னில் ஏற்கனவே ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த மாநிலத்துத் தொலைக்காட்சி வீடுகள் கையில் இருக்கின்றன. அதன் ஒளிபரப்பாளரும் அட்லாண்டிக் கோஸ்டின் ஒளிபரப்பாளரும் ஒரே இஎஸ்பிஎன். ஒரே பொருளை இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்கு மாற்றிக் கூடுதல் விலை கொடுக்க முதலாளிக்கு என்ன அவசரம்? இஎஸ்பிஎன்னுடனான சவுத்ஈஸ்டர்ன் ஒப்பந்தமும் 2034 வரை இருக்கிறது.

பிக் டென்னுக்கு ஃபுளோரிடாவில் உறுப்பினர் யாரும் இல்லை. அங்கே காலூன்ற அதற்கு ஆசை இருக்கலாம். ஆனால் ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஏயு உறுப்பினர் தகுதியைப் பிக் டென் நெடுங்காலமாக எடைபோட்டுவருகிறது. ஃபுளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் அதில் உறுப்பினர்கள் அல்ல. நார்த் கரோலினா, வர்ஜீனியா, 2023இல் சேர்ந்த மயாமி, நோட்டர் டேம் ஆகியவை உறுப்பினர்கள். அந்தக் கண்ணோட்டத்தில் ஃபுளோரிடா மாநிலத்துக்குள் நுழைய மயாமி போதும். உரக்கக் கதவைத் தட்டியவரைவிட ஓசையின்றி நிற்கும் நார்த் கரோலினாவுக்கே இரண்டு பெரிய கூட்டமைப்புகளிலும் வரவேற்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன். தென்கிழக்கின் வளரும் மாநிலம், பெரும்பெயர் பெற்ற பல்கலைக்கழகம், இரு தரப்புமே இதுவரை தொடாத சந்தை.

எப்போது என்ற கேள்விக்குத் தேதிகளே பேசுகின்றன. பிக் டென் ஒப்பந்தம் 2030 கோடையில் முடிகிறது. பிக் ட்வெல்வ் ஒப்பந்தம் 2031இல். தேசியப் பட்டப் போட்டியின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2032இல். அட்லாண்டிக் கோஸ்டைவிட்டு வெளியேறும் கட்டணம் அடிமட்டத்தைத் தொடும் ஆண்டு 2030-31. நான்கும் ஒரே இடத்தில் வந்து குவிவது தற்செயல் என்று வழக்கறிஞர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். இடையில் பண நெருக்கடியும் கூடிக்கொண்டே போகிறது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். நெடுங்காலம் கூலியின்றி ஆடியவர்களுக்கு அது கிடைத்தே ஆக வேண்டிய நியாயம். ஆனால் அந்தத் தொகையைத் தாங்க முடியாத ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பெரிய பங்கு தரும் கூட்டமைப்பையே பார்க்கும். 2026 முதல் தேசியப் போட்டி வருமானத்தில் பிக் டென்னுக்கும் சவுத்ஈஸ்டர்னுக்கும் சேர்ந்து போவது பாதிக்கு மேல்.

இந்தக் கணக்குகளில் எங்கும் வராத சிலர் இருக்கிறார்கள். ஃபுட்பால் அணி ஒரு பருவத்துக்கு ஆடுவது பன்னிரண்டு ஆட்டம்தான். பெரும்பாலும் சனிக்கிழமை, தனி விமானம், வெளியூர்ப் பயணம் ஐந்தோ ஆறோ. வாலிபால், சாஃப்ட்பால், பேஸ்பால் அணிகள் வாரத்தில் பல முறை ஆடுகின்றன. வார நாளிலும் ஆடுகின்றன. ஃபுட்பால் தேடும் பணத்துக்காகக் கூட்டமைப்பு மாறும்போது இந்த மாணவர்களும் கூடவே இழுத்துச் செல்லப்படுகிறார்கள். யுசிஎல்ஏயின் ஒரு சாஃப்ட்பால் வீராங்கனைக்கு நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் இப்போது ‘சக உறுப்பினர்’. தூரம் சுமார் 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். அவள் தொழில்முறை ஆட்டக்காரியாகப் போவது அரிது. அவளுக்குக் கிடைக்கப்போவது பட்டம் மட்டும்தான். பாதிக்கப்படுவதும் அந்தப் படிப்புதான். 2023 ஆகஸ்டில் இந்தச் சரிவு நடந்த சில நாளில், மிசூரியின் ஃபுட்பால் பயிற்சியாளர் இலாய் டிரிங்க்விட்ஸ் இந்த மாணவர்களின் நிலையை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா என்று வெளிப்படையாகவே கேட்டார். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

பதில் ஒன்று இருக்கிறது, கடினமானதும் அல்ல. ஃபுட்பாலை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துவிடலாம். அதற்கென்று தனி லீக், தனி ஒப்பந்தம், தனி அட்டவணை. அன்று யுசிஎல்ஏ பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியே 2023 டிசம்பரில் இதைத்தான் சொன்னார். நோட்டர் டேம் ஃபுட்பாலில் தனித்து நின்று, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் அட்லாண்டிக் கோஸ்டுடன் ஆடிவருவதே இது முடியும் என்பதற்குச் சான்று. ஃபுளோரிடா ஸ்டேட் ஃபுட்பால் அணி 2031இல் எங்கு வேண்டுமானாலும் போகட்டும். நீச்சல் அணியும் வாலிபால் அணியும் பக்கத்து ஊரோடு ஆடட்டும். புதிய ஒப்பந்தங்களை எழுத உட்காரும் பல்கலைக்கழகத் தலைவர்கள் 2030க்கு முன் இதைச் செய்ய வேண்டும். பத்திரம் எழுதி முடித்தபின் இன்னொரு பத்தாண்டுக்குக் கதவு திறக்காது.

ஆரிகன் பல்கலைக்கழகம் யூஜீனில் இருக்கிறது, ஆரிகன் ஸ்டேட் கொர்வாலிஸில். ஒன்று இப்போது பிக் டென், மற்றொன்று பேக்-12. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்.